பழைய நாஸ் பெட்டிக்குப் பெரிய டிஸ்க்: ஓர் ஆடி மாத வேலை

அத்தானுக்குப் பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சடங்கு என்று வருஷம் முழுக்க ஓடும் கடை. 2023-இல் ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், போன் வந்தது. "மாப்ள, மாடியில இருக்க அந்தப் பெட்டியில எடமே இல்லையாம்டே. பையன் போட்டோவ ஏத்த முடியலங்கான். ஆடிதான, சோலி ஒண்ணும் இல்ல. நாலு பெரிய டிஸ்க்கா வாங்கிப் போட்டு வுட்டுரு."

அந்தப் பெட்டிதான் நாஸ்: பல ஹார்டு டிஸ்க்கை உள்ளே வைத்து, கடையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டி. சொல்லும்போது ஒரு வரிதான். முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டிய நேரத்தை எல்லாம் சேர்த்தாலும் இருபது நிமிஷம் வராது. எந்த டிஸ்க் என்று முடிவு செய்யவும், இருக்கிறதைக் காப்பாற்றி வைக்கவும், ரீபில்டு, அதாவது புதிய டிஸ்க்கில் டேட்டாவைப் பெட்டி மறுபடி கட்டி எழுதும் வேலை, முடியும்வரை காத்துக் கிடக்கவுமே மற்ற நாள் எல்லாம் போனது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெட்டி எந்த நிலையில் இருந்தது

சைனாலஜி டிஎஸ்414. 2013-இல் வந்த மாடல், அத்தான் வாங்கியது 2014 நடுவில். நான்கு டிஸ்க் போடலாம். மார்வெல் அர்மடா எக்ஸ்பி என்கிற 32-பிட் டூயல் கோர் பிராசசர், 1.33 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ரேம். இந்த 32-பிட் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முடிவையே அதுதான் மாற்றியது.

உள்ளே நான்கு 2 டிபி டிஸ்க். எஸ்எச்ஆர் முறையில் சேர்த்திருந்தது. அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பும், அதற்கு விலையாக ஒரு டிஸ்க் அளவு இடம் போகும். மீதி 6 டிபி. ஆனால் திரையில் 5.4 என்றுதான் காட்டும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி டிபி என்று எழுதுகிறது, பெட்டி 1024-ஆகப் பெருக்கி அதே டிபி என்ற பெயரைப் போடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல்தான் வேறு. இந்த வித்தியாசமும் பின்னால் வேலைக்கு வரும்.

இடம் 95 சதவீதம் நிரம்பியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மூன்றாம் டிஸ்க். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தால் 197-ஆம் வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (டேட்டா எழுதும் சின்னக் கட்டங்களின்) எண்ணிக்கையில், 8 என்று இருந்தது. மறுநாள் 24. நாலாம் நாள் 56. எட்டு எட்டாக ஏறுவதற்குக் காரணம் உண்டு: இந்த டிஸ்க் உள்ளுக்குள் 4096 பைட் செக்டாராக எழுதிவிட்டு, வெளியே 512 பைட் செக்டார் என்று கணக்குக் காட்டுகிறது. உள்ளே ஒன்று கெட்டால் வெளியே எட்டு. ஆக, நாலு நாளில் ஏழு இடம் கெட்டிருக்கிறது. நான்கு டிஸ்க்கும் ஓடியிருந்த நேரம் 79,000 மணிக்குக் கொஞ்சம் மேல். ஒன்பது வருஷம், ராத்திரி பகல் ஓய்வில்லாமல்.

அத்தானுக்கு இது இடப் பிரச்சினை. எனக்கு அந்த நாலாம் நாளிலிருந்து இது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

முதலில் வாங்கியது வேறு டிஸ்க்

பெரிய டிஸ்க் போட வேண்டுமென்றால் ஒன்றைக் கழற்ற வேண்டும். கழற்றிய அந்த நிமிஷத்திலிருந்து, புதியது முழுதாக நிரம்பும்வரை, பாதுகாப்பு என்பது கிடையாது. அந்த நேரத்தில் மற்ற மூன்றும் ஓரம் விடாமல் முழுதாகப் படிக்கப்பட வேண்டும். ஒன்பது வருஷம் உழைத்த டிஸ்க்குகளுக்கு அவற்றின் வாழ்நாளிலேயே கடினமான பத்து மணி நேரம் அதுதான். இரண்டாவது டிஸ்க் அப்போது கைவிட்டால் ஒன்பது வருஷக் கல்யாணங்கள் போச்சு.

அதனால் முதலில் வாங்கியது 8 டிபி வெளி டிஸ்க் ஒன்று. பெட்டியின் யூஎஸ்பி 3 வாயில் செருகி எல்லாவற்றையும் நகல் எடுக்க ஒன்றரை நாள் ஆனது. அத்தான் கேட்டார், "உள்ள போடுறதுக்கு வாங்கச் சொன்னா வெளிய வைக்கதுக்கு வாங்கியிருக்க?" இடத்துக்கு ஒரு செலவு, தூக்கத்துக்கு ஒரு செலவு என்று சொன்னேன். நகல் முடிந்ததும் ஒவ்வொரு வருஷத்திலிருந்தும் இரண்டு மூன்று ஃபோல்டரைத் திறந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தான் 2015-இல் எடுத்த ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்த டிஸ்க்கை அக்கா வீட்டு பீரோவில் கொண்டுபோய் வைத்தார். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் நல்ல தூரம், அதுவும் நல்லதுதான்.

ரெய்டு, அதாவது இப்படிப் பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்று செத்தாலும் தாங்க வைக்கும் முறை, பேக்கப் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ரீபில்டுக்கு முந்தின ராத்திரிதான் அதன் அர்த்தம் வயிற்றில் இறங்கியது.

பெட்டியின் உச்சவரம்பு

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரியது? அத்தான் மனதில் 8 டிபி நாலு. கடையில் பார்த்தால் டிபி ஒன்றுக்கு ஆகும் விலை 8-இல் குறைவாகத்தான் தெரிந்தது. எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்பதற்கு முன், பெட்டி எவ்வளவை ஆளும் என்று கேட்க வேண்டும்.

32-பிட் பிராசசர் உள்ள இந்த வகைப் பெட்டியில் ஒரு வால்யூமின், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே இடமாகக் காட்டும் தொகுதியின், உச்சம் 16 டிபி. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது. டிஸ்க் இடத்தை 4096 பைட் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 4,294,967,296. அதை 4096-ஆல் பெருக்கினால் 17,592,186,044,416 பைட். கம்பெனி கணக்கில் 17.59 டிபி, பெட்டியின் கணக்கில் சரியாக 16. அதற்கு மேல் உள்ள கட்டத்துக்குக் கொடுக்க எண் கிடையாது.

(உங்கள் பெட்டி இன்னும் பழையது என்றால் வேறொரு சுவர் முன்னாலேயே நிற்கும். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில் 512 பைட் செக்டாருக்கு அதே 32 பிட் எண், பெருக்கினால் 2.2 டிபி. அந்தக் காலத்து மென்பொருளோடு நின்றுபோன பெட்டியில் 3 டிபி டிஸ்க்கைப் போட்டால் முழுதாகத் தெரியாது, சில சமயம் சம்பந்தமில்லாத ஒரு சின்ன அளவு தெரியும்.)

சரி, இப்போது கணக்கு. நான்கு 8 டிபி போட்டால் ஒரு டிஸ்க் போக 24 டிபி. வரம்பு 17.59. ஆறு டிபிக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு டிஸ்க் முழுவதும், அந்த வால்யூமுக்குள் வராது. தனி வால்யூமாகப் பிரிக்கலாமே என்றால், எங்கள் பெட்டியில் ஆரம்பத்திலேயே எல்லாம் ஒரே வால்யூமாகக் கட்டியிருந்தது. பிரிக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அப்படியானால் 6 டிபி நாலு? இங்கேதான் நானே சறுக்கப் பார்த்தேன். மூன்று ஆறு பதினெட்டு, பதினாறுக்குப் பக்கத்தில்தானே, கம்பெனி டிபியைப் பெட்டி டிபியாக மாற்றினால் குறையுமே என்று நினைத்தேன். மாற்றிப் பார்த்தால் 16.37. வரம்பைத் தாண்டி நானூறு ஜிபி சொச்சம். அவ்வளவு நெருக்கத்தில் வந்து தாண்டுகிறது. விரிவாக்கம் கடைசிப் படியில் போய் நிற்கும், என்ன தப்பு என்று தேடியே ரெண்டு நாள் போயிருக்கும்.

எஸ்எச்ஆரில் வேறு வேறு அளவு டிஸ்க்கைக் கலக்கலாம் என்பதால் இன்னும் சில சேர்க்கைகளை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு 8 வாங்கி, பழைய 2 டிபியில் இரண்டை அப்படியே விட்டால்? நான்கிலும் முதல் 2 டிபியைச் சேர்த்தால் 6 கிடைக்கும், இரண்டு புதியவற்றில் மீதியுள்ள ஆறு ஆறும் ஒன்றுக்கொன்று நகலாக நின்று இன்னொரு 6 தரும், மொத்தம் 12. நான்கு 4 டிபி போட்டால் கிடைப்பதும் அதே 12! இரண்டே டிஸ்க்கில் வேலை முடிகிறது, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 79,000 மணி ஓடிய இரண்டு டிஸ்க்கை நம்பி அந்த அழகைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று 6, ஒரு 4 என்றால் 16, பெட்டிக் கணக்கில் 14.55, வரம்புக்குள் நிற்கும் பெரிய சேர்க்கைகளில் அது ஒன்று. இடம் அவசரமாக வேண்டியவர்கள் அதைப் பார்க்கலாம்.

எங்களுக்கு அவ்வளவு தேவையா? ஸ்டுடியோவில் வருஷத்துக்கு ஒரு டிபி அளவுக்குச் சேர்கிறது. 12 டிபி, அதாவது திரையில் 10.9 என்றால் இன்னும் ஐந்து வருஷம் தாங்கும். ஒன்பது வயதான பெட்டி அதற்கு மேல் ஓடும் என்று நம்பி இன்றே இடம் வாங்கி வைப்பது வீண். இன்னொரு காரணமும் உண்டு. ஃபைல் சிஸ்டத்தில் என்றாவது பிழை வந்தால் அதைச் சரிபார்க்கும் வேலைக்கு நினைவகம் வேண்டும், வால்யூம் பெருக்கப் பெருக்க அதிகமாக வேண்டும். 1 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு வரம்பின் விளிம்புவரை நிரப்பிய வால்யூமைச் சரிபார்க்க நான் துணிய மாட்டேன்.

ஆக, நான்கு 4 டிபி. பெட்டி பிறந்த வருஷத்தில் அதற்கென்று சொல்லப்பட்ட பெரிய அளவும் அதுதான். அத்தானுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. தாளைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

ஓட்டுக் கூரை டிஸ்க்

அளவு முடிவானதும் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். 4 டிபி என்று லேபிளில் எழுதிய எல்லா டிஸ்க்கும் ஒரே பொருள் அல்ல.

டிஸ்க்கில் எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை குறுகலானது. தடங்களைப் பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று தொடாமல் எழுதினால் அது சிஎம்ஆர். படிக்கக் குறுகிய தடமே போதுமே என்று ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறும்படி எழுதினால் அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும்; அது எஸ்எம்ஆர். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேயும்போது கீழிருந்து மேலே சரசரவென்று போகலாம். நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அதன் மேல் ஏறி நிற்கும் ஓடுகளை எல்லாம் எடுத்துவிட்டு மாற்றி, மறுபடியும் அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் இந்த வேலையை வெளியே தெரியாமல் செய்ய ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, வருவதை எல்லாம் அங்கே தற்காலிகமாக எழுதிக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் இடம் மாற்றுகிறது. வீட்டு உபயோகத்தில் இது தெரியவே தெரியாது. ரெய்டு ரீபில்டில் சும்மா இருக்கும் நேரம் என்பதே இல்லை. ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்குப் போகும். பத்து மணி நேரத்தில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், அத்தனை நாளும் பாதுகாப்பு இல்லாமல் நிற்போம். பதில் வரத் தாமதமானால் பெட்டி அந்த டிஸ்க்கையே கெட்டது என்று ஒதுக்கிவிடவும் கூடும்.

இதைப் பற்றி 2020-இல் பெரிய சச்சரவு நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகளில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பதை அந்த ஏப்ரலில் ஒத்துக்கொண்டு பட்டியல் வெளியிட்டது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். வெறும் ரெட் என்றால் எஸ்எம்ஆர். கவனித்தீர்களா, 2 முதல் 6 வரை! பழைய பெட்டிக்காரன் தேடிப் போகும் அளவுகள் அச்சாக அவையேதான். 8 டிபிக்கு மேல் வாங்குகிறவனுக்கு அந்த வரிசையில் இந்தச் சிக்கலே வரவில்லை.

அதனால் நான் எழுதி வைத்துக்கொண்டது: ரெட் பிளஸ் அல்லது சீகேட் ஐயன்வுல்ஃப், இரண்டில் எது ஒரே மாடலில் நான்கு கிடைக்கிறதோ அது. மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒரு சீட்டில் எழுதினேன். வரிசைப் பெயர் போதாது, அளவு போதாது, அந்தக் கடைசி எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது.

எஸ்எம்ஆர் என்றாலே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. அக்கா வீட்டு பீரோவில் இருக்கும் வெளி டிஸ்க் அந்த வகையாகவே இருக்கட்டும், ஒருமுறை வரிசையாக எழுதிவிட்டு எடுத்து வைக்கும் வேலைக்கு அது போதும். ரெய்டுக்குள் மட்டும் வேண்டாம்.

கடையில் நடந்தது

உள்ளூரில் கேட்டபோது கையில் இருந்தது கேமரா ரெக்கார்டருக்குப் போடும் சர்வைலன்ஸ் டிஸ்க். நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். அது மோசமான பொருள் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ஆனால் பல கேமராக்களின் படத்தை இடைவிடாமல் எழுதுவதை மனதில் வைத்துச் செய்தது. சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான போட்டோக்களைத் திறந்து மூடும் வேலைக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வெளியூரில் ஒரு கடையில் ஆர்டர் போட்டோம். ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, உறையைப் பிரிக்காமலே போன் டார்ச் அடித்து லேபிளைச் சீட்டோடு ஒப்பிட்டேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் அளவு 4 டிபி, கம்பெனி அதே, முதல் ஆறு எழுத்தும் எண்ணும் அதே. அதற்கு அடுத்த இரண்டு எழுத்து வேறு. நான்காவதும் அப்படியே. இரண்டும் டெஸ்க்டாப் வகை, எஸ்எம்ஆர். பார்க்காமல் போட்டிருந்தால் பெட்டி ஏற்றுக்கொண்டிருக்கும். ரீபில்டு ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் நன்றாகவும் ஓடியிருக்கும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "எல்லாம் 4 டிபிதான சார்? கேபிளும் ஒண்ணுதான், எங்கயும் போடலாம் சார்." சண்டை போடவில்லை. இரண்டு மாடல் எண்களையும் படம் எடுத்து அனுப்பி, சீல் உடைக்கவில்லை என்று காட்டினேன். மாற்றிக் கொடுத்தார், அதற்கு இன்னும் ஐந்து நாள். அதிலும் ஒரு நன்மை வந்தது: மாற்றி வந்த இரண்டும் வேறு மாதம் தயாரானவை. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த நான்கு டிஸ்க் ஒரே சமயத்தில் தளரக்கூடும் என்பதால் இப்படிக் கலந்திருப்பதே எனக்குப் பிடிக்கும். சீரியல் எண்களைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, வாரன்டி நம் நாட்டில் செல்லுமா என்றும் பார்த்துக்கொண்டேன்.

டெஸ்க்டாப் டிஸ்க்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு செக்டார் படிக்க வரவில்லை என்றால் அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சமயத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேலும். தனியாக இருக்கும் கம்ப்யூட்டரில் அது சரியான குணம்தான், வேறு நகல் இல்லையே. நாஸ் டிஸ்க் ஏழு விநாடியில் நிறுத்திக்கொண்டு, படிக்கவில்லை என்று சொல்லிவிடும். பெட்டி மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு அதை மீட்டுவிடும்.

மற்றவை சுருக்கமாக. வேகம்: 5400 சுழற்சி போதும். ஒரு கிகாபிட் கேபிள் வழியாகப் போகும் பெட்டிக்கு 7200-இல் பெரிய லாபம் இல்லை, சூடுதான் கூடும். திருநெல்வேலி சித்திரை வெயிலில் மாடி அறையில் இருக்கும் பெட்டிக்கு அது முக்கியம். செக்டார்: வெளியே 512 என்று சொல்லும் வகையை வாங்குங்கள், வெளியேயும் 4096 என்று சொல்லும் வகையைப் பழைய பெட்டிகள் பல அடையாளம் காணாது. வெளி டிஸ்க்கின் கூட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று: சில டிஸ்க்குகளில் மின் இணைப்பின் மூன்றாம் ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் அது சுற்றாமல் நிற்கும், பழைய பெட்டிகளில் அந்த ஊசிக்கு மின்சாரம் வரலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய டிஸ்க்குகளில் அடிப்பக்கத்து நடுத் துளைகளும் இடம் மாறியிருக்கும், அடியில் திருகாணி போடும் பழைய ட்ரேயில் இரண்டுதான் பொருந்தும்.

மாற்றிய வாரம்

புதிய டிஸ்க்குகளை நேரே பெட்டியில் போடவில்லை. என் கம்ப்யூட்டரில் இரண்டிரண்டாக மாட்டி முழுப் பரிசோதனை ஓட்டினேன், ஒரு ஜோடிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். நான்கும் தேறின. பழையதில் நல்லவை என்று நினைத்த மூன்றுக்கும் அதே பரிசோதனை. அவற்றில் நிலுவைச் செக்டார் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தேன்.

முதலில் வெளியே வந்தது அந்த மூன்றாம் டிஸ்க். திரையில் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு ட்ரேயை இழுத்தபோது தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது விரல் நுனியில் தெரிந்தது, பம்பரம் தளரும்போது வருகிற அதிர்வு மாதிரி. முழுதாக நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன். ட்ரேயின் பக்கவாட்டில் ஒன்பது வருஷத் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, புதியதைப் பொருத்தித் தள்ளி, பழுதுபார்க்கச் சொன்னேன்.

முதல் டிஸ்க் ஏழு மணி நேரத்தில் முடிந்தது. இடம் ஒரு துளியும் கூடவில்லை. அத்தான் பதறினார். ஒரு டிஸ்க் மட்டும் பெரிதாக இருந்தால் அதன் மிச்சத்துக்கு ஜோடி கிடையாது, ஜோடி இல்லாத இடத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது, அதனால் பெட்டி அதைத் தொடாது. இரண்டாவது போட்டதும் மிச்சங்கள் இரண்டும் ஜோடி சேர்ந்து 6 டிபி 8 ஆனது. மூன்றாவதில் 10. நான்காவதில் 12. பெட்டி ஒவ்வொரு முறையும் பழுதுவேலை முடிந்ததும் விரிவாக்கத்தைத் தானே ஆரம்பித்தது. கடைசி இரண்டும் ரொம்ப மெதுவாகப் போயின. ஏற்கெனவே எழுதிய அடுக்கையே கலைத்து மூன்று டிஸ்க்குக்கும், அப்புறம் நான்குக்குமாகப் பரப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு முழு நாளைத் தாண்டியது.

இரண்டாவது ஓடும்போது மத்தியானம் கரண்ட் போனது. யூபிஎஸ் நாற்பது நிமிஷம் தாங்கும், கரண்ட் இருபத்தைந்தில் வந்துவிட்டது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் நான் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து என்ன செய்ய முடியும், ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

ஆவணி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது திரையில் 10.9 என்று வந்தது. கழற்றிய பழைய டிஸ்க்குகளை உடனே அழிக்கவில்லை, எண் எழுதி ஒரு மாதம் எடுத்து வைத்தேன். வெளி டிஸ்க்குக்கு ஞாயிறுதோறும் பேக்கப் எடுத்துத் திரும்ப பீரோவில் வைப்பது அத்தானின் பொறுப்பு. அதை அவர் ஒருவாரமும் தவறவிடவில்லை.

புதுப் பெட்டியே வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாங்கலாம், என்றாவது வாங்கத்தான் வேண்டும். டிஸ்க் நான்கும் அதற்கும் போகும் என்று நினைத்துத்தான் இப்போது வாங்கினேன். ஆனால் அப்போதும் புதிய மாடல் எந்த டிஸ்க்கை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் சைனாலஜி தன் புதிய பிளஸ் வரிசைக்குத் தான் சான்றளித்த டிஸ்க் மட்டும்தான் என்று அறிவித்து, அக்டோபரில் அதைத் தளர்த்தியது.

வேலை முடிந்து நாலு மாதத்தில், 2023 டிசம்பர் 17, 18-இல், திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அந்தப் பெருமழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். ஸ்டுடியோ மேட்டில் இருந்ததாலும் பெட்டி மாடியில் இருந்ததாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தான் முதல் நாளே பெட்டியை முறையாக அணைத்துவிட்டார்.

தண்ணீர் வடிந்து பத்து நாளில் ஒரு அம்மா வந்தார்கள். கையில் பாலித்தீன் பையில் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கல்யாண ஆல்பம், மகளுடையது. "தம்பி, இது மறுபடி எடுக்க முடியுமாப்பா?" அத்தான் தேதியைக் கேட்டார். 2015 தை. மாடிக்குப் போய்த் தேடினார். மூன்றாம் டிஸ்க் இருந்த காலத்தில் எழுதப்பட்டு, நாலு டிஸ்க் மாறி வந்த ஃபோல்டர். திறந்ததும் 1,140 படங்கள் வரிசையாக வந்தன. அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெரியவரிடம் வந்தபோது நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்காரராம், தவறி மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் படத்தை மட்டும் அன்றே பெரிதாகப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அந்த மாதம் மட்டும் அப்படிப் பதினாறு குடும்பம் வந்தது.